கவிதைக்குக் காது பழக்குவது எப்படி? கேள்வி பதில்

வெள்ளவத்தை, வங்கி ஊழியர்: அக்கா, வேலையிடத்தில் கவிதையைப் பற்றிக் கதைக்க ஒருவரும் இல்லை. கொழும்பில் எங்கே தேடுவது?

தம்பி, உங்கள் ஊரிலேயே 57ஆவது ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கே நல்ல நூலகமும் உண்டு. போயா (பௌர்ணமி) தினத்துக் கவியரங்குகளுக்குப் பெயர்போன வலம்புரி கவிதா வட்டத்தையும் விசாரித்துப் பாருங்கள். ஆனால் மேடையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடாதீர்கள். வெளியீட்டு விழாக்களில் வாழ்த்துரைதான் நீளும், கவிதை கொஞ்சம்தான். முடிந்த பிறகு புத்தக மேசையடியில் நின்றபடியே ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருப்பவர்தான் உங்கள் ஆள். "எந்தக் கவிதை பிடித்தது?" என்று கேளுங்கள். அப்படி இரண்டு பேர் கிடைத்தாலே மாதம் ஒருமுறை கூடலாம்.

கொட்டாஞ்சேனை, உயர்தர மாணவி: ரீச்சர், சங்கப் பாடல்களின் பொருள் விளங்குகிறது. ஓசை மட்டும் பிடிபடவில்லை.

பிள்ளை, முதலில் உரையை மூடிவையுங்கள். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எடுத்து உரத்து வாசியுங்கள்:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரற்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

பெரிதே, உயர்ந்தன்று, இன்றே என்று மூன்று தரம் குரல் விழுந்து நிற்கிறது. எது பெரிது என்று பாட்டில் பேசும் தலைவி இன்னும் சொல்லவில்லை. பிறகு இரண்டாம் அடியின் கடைசியில் 'சாரற்' என்று தொடங்கினால் நிறுத்தவே இடமில்லை. மலை, பூ, தேன் எல்லாம் ஒரே மூச்சில் ஓடி, கடைசிச் சொல்லில்தான் 'நட்பே' வருகிறது. மூன்றாம் அடியை விரலால் எண்ணிப் பாருங்கள். மற்ற அடிகளில் நாலு சீர், அதில் மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் அது. பரீட்சைக்கு அதை விதியாகப் படிக்கிறோம். வாயால் சொல்லும்போதோ எதிர்பார்த்த இடத்தில் ஒரு சீர் இல்லாமல் குரல் சற்றே தடுமாறி, கருங்கோல் – பெருந்தேன் என்ற எதுகையைப் பிடித்துக்கொண்டு கடைசி அடிக்குப் போகிறது. அந்தத் தடுமாற்றம் காதில் விழும்வரை வாசியுங்கள். இதே பாட்டை ஒரு கிழமை முழுக்கச் சொல்லுங்கள். பத்துப் பாட்டை ஒவ்வொரு தரம் வாசிப்பதைவிட அது மேல்.

தெஹிவளை வாசகர்: புதுக்கவிதைக்கும் காது வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். சந்தம் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத இடத்தில் காதுதான் வழி. அதற்குப் பாலமாக ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியை (1927–1971) வாசியுங்கள். யாப்பை விடாமலே நாம் கதைக்கும் ஓசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்தவர். அவரை வாசித்த காதோடு புதுக்கவிதைக்குப் போனால், ஒரு வரி ஏன் அந்த இடத்தில் முறிகிறது என்று கேட்கத் தோன்றும். கடையில் கிடைக்காத ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' இணைய நூலகம் இருக்கிறது, இலவசம்.

தெமட்டகொட வாசகர்: எனக்குப் பாட வராது. காது வருமா?

வரும். இராகம் போடாமல், சொல்லைச் சொல்லாகவே உச்சரியுங்கள். அது போதும்.

வெள்ளவத்தைத் தம்பியே மீண்டும்: அக்கா, அந்தச் சந்திப்புக்கு என் சொந்தக் கவிதையைக் கொண்டுபோகலாமா?

முதல் மூன்று நான்கு தரமும் வேண்டாம், தம்பி. சொந்தக் கவிதை வந்துவிட்டால் மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கருத்துச் சொல்வார்கள். பிறருடைய கவிதை ஒன்றை ஆளுக்கொரு தரம் வாசியுங்கள். ஒரே வரியை மூன்று பேர் மூன்று இடத்தில் நிறுத்துவார்கள். ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்று ஒருவரையொருவர் கேளுங்கள்.