லெகோவில் மரியோ, நண்டு, பேய்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: லெகோவில் முதல்முறை பிக்சல் படம் (பழைய வீடியோ கேம் போல கட்டம் கட்டமான படம்) செய்யப் போகிறேன். மரியோவில் தொடங்கலாமா அண்ணா?

ப: மரியோ கொஞ்சம் காத்திருக்கட்டும். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வீடியோ கேமின் நண்டை எடுங்கள். அகலம் 11 கட்டம், உயரம் 8, ஒரே நிறம். கை தொங்கும் நிலைக்கு 1×1 பிளேட் (மேலே ஒரே குமிழ் உள்ள மெல்லிய துண்டு) 46 போதும். மேலிருந்து வரிசைக்கு 2, 2, 7, 7, 11, 9, 4, 4. நான்காவது வரிசையில் இரண்டு இடத்தைக் காலியாக விட்டால் அதுதான் கண்.

கே: 16×16 குமிழ் உள்ள பேஸ்பிளேட்டில் (அடித்தட்டில்) நண்டு நடுவில் உட்கார மாட்டேன் என்கிறதே?

ப: உட்காராது. 11 ஒற்றைப்படை, 16 இரட்டைப்படை. ஒரு பக்கம் 2 மிஞ்சும், மறுபக்கம் 3. ஃபிரேம் போடும்போது அதிகப்படி வரிசையை மறைத்துவிடுங்கள். அதுவும் உறுத்தினால், அதே கேமின் ஆக்டோபஸ் 12 அகலம், கச்சிதமாக உட்காரும்.

கே: பிரிக்குகளை (பிளேட்டைவிட உயரமான கட்டைகளை) அடுக்கி நிற்கிற மரியோ கட்டினேன். ஆள் நெட்டையாக, ஒல்லியாகத் தெரிகிறான். வரைபடம் சரியாகத்தான் இருக்கிறது.

ப: என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். 1×1 பிரிக் சதுரம் இல்லை. அகலம் 8 மி.மீ., உயரம் 9.6. அதனால் படம் மேல்நோக்கி 20 சதவீதம் இழுபடுகிறது. அந்தக் கால டிவியில் நிண்டெண்டோ கேம் மெஷினின் பிக்சல் கொஞ்சம் அகலமாகவே விழுந்தது. நமக்குப் பழகிய மரியோ குண்டு. ஆக, வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும்.

பேஸ்பிளேட்டில் படுக்கவைத்துச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை, ஒவ்வொரு குமிழும் 8×8 சதுரம். நின்றே ஆக வேண்டுமா? ஒரு பிக்சலுக்கு இரண்டு குமிழ் அகலம், உயரத்துக்கு ஒரு பிரிக்கும் இரண்டு பிளேட்டும் வையுங்கள். 9.6 + 3.2 + 3.2 = 16. அகலமும் 16. அச்சுச் சதுரம்! 12×16 கட்டச் சின்ன மரியோ 19.2 செ.மீ. அகலம், 25.6 செ.மீ. உயரத்தில் வந்து நிற்பான். துண்டுகள் நிறைய தேவைப்படும், பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: நிறம் மாறும் இடத்தில் சுவர் நெடுக்காகப் பிளக்கிறது.

ப: கொத்தனார் மூட்டு மேல் மூட்டு வரவிடுவாரா? அதே கதைதான். முன்பக்கம் நிறத்துக்காக மூட்டை மாற்ற முடியாது, சரி. பின்னால் இன்னொரு அடுக்குச் சுவர் எழுப்பி, சில வரிசைகளில் இரண்டு குமிழ் ஆழமுள்ள பிரிக் போட்டு இரண்டையும் பிணையுங்கள். பின்பக்கம் எந்த நிறமானால் என்ன?

கே: மரியோவின் ஓவரால் (தோளில் பட்டி மாட்டும் பேன்ட்) நீலம்தானே?

ப: 1985 சூப்பர் மரியோ பிரதர்ஸில் இல்லை. தொப்பியும் ஓவராலும் சிவப்பு. சட்டை, மீசை, முடி, ஷூ எல்லாம் பச்சை கலந்த பழுப்பு. அப்புறம் தோல் நிறம். ஒரு ஸ்பிரைட்டுக்கு (திரையில் நகரும் உருவத்துக்கு) மூன்று நிறம்தான் அந்த மெஷினில் கிடைத்தது. மீசையே மரியோவை உருவாக்கிய மியாமோட்டோ 1981 டாங்கி காங் கேமில் மூக்கு எடுப்பாகத் தெரிவதற்காக வைத்ததுதான். நீலம் போட்டால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. நான் போடமாட்டேன்.

கே: பாக்மேன் கேமின் பேய்கள் கஷ்டமா?

ப: இல்லை. 14×14, ஒரே வரைபடம். சிவப்பு, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், ஆரஞ்சு என்று உடலை மட்டும் மாற்றுங்கள்.

கே: இறக்கிய படத்தில் நாற்பது நிறம் காட்டுகிறதே?

ப: ஜேபெக் படமாக இருக்கும், ஓரங்களில் நிறம் கசிந்திருக்கும். பிஎன்ஜி தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்ப்ரெட்ஷீட்டில் கட்டம் கட்டமாக நீங்களே நிரப்புங்கள், சின்ன மரியோவுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.