பதில்: கேமராவோடு மூச்சடக்கி முங்க எந்த ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு)?

12 மீட்டரில் பவளப்பாறைப் படம், இரு கையாலும் பிடித்த ஹவுசிங் (கேமராவின் நீர்புகா உறை), நீளமான கடின கார்பன் ஃபின். திரும்ப முடியவில்லை, கெண்டைக்கால் பிடிக்கிறது என்கிறீர்கள். அந்த ஆழத்துக்குக் கார்பனே தேவையில்லை. கடினமான பிளேடை (ஃபினின் தட்டையான பகுதி) வளைக்கத் தொடை அதிகம் உழைக்கும், ஆக்சிஜன் சீக்கிரம் கரையும். பாறையில் இடித்தால் ஓரமும் பிளக்கும்.

மொத்த நீளம் 60–65 செ.மீ. உள்ள, மென்மையான ஃபைபர்கிளாஸ் ஃபின் பாருங்கள். தவளை உதை போட்டு நின்ற இடத்திலேயே திரும்பலாம், மணலும் கிளம்பாது. மணல் கிளம்பினால் படம் முழுக்கப் புள்ளிதான். பட்ஜெட் இடித்தால் பிளாஸ்டிக்கும் போதும், கொஞ்சம் கனம், அவ்வளவே.

பிளேடைவிடப் பாதப்பை (கால் நுழையும் பகுதி) முக்கியம். 2 மி.மீ. நியோபிரீன் (நுரை ரப்பர்) சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். காலை உதறினால் குதிகால் நழுவக் கூடாது, விரல்கள் மடங்கவும் கூடாது. தளர்ந்தால் கொப்புளம், இறுகினால் பிடிப்பு. உங்களுக்குப் பிடிப்பு வருவதற்கு இதுவும் காரணமாகலாம். புதிது வாங்குமுன் சோதியுங்கள்.

ஹவுசிங் தண்ணீரில் கீழே இழுத்தால் மிதவைக் கை (ஹவுசிங்கில் பொருத்தும் மிதக்கும் தண்டு) மாட்டுங்கள். ஃபின் மாற்றினாலும் அந்தச் சுமை தீராது. மேலே கவனிக்க ஆள் இல்லாமல் முங்காதீர்கள். வியூஃபைண்டரில் நேரம் போவதே தெரியாது.