எலியின் புண் ஆறியது, அப்பாவின் கால் புண்ணுக்கும் வல்லாரை கட்டலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு நீரிழிவு. வயலில் கட்டை குத்திய உள்ளங்கால் புண் மூன்று கிழமையாக ஆறவில்லை. வல்லாரையில் உள்ள ஒரு பொருளைப் பூசியதில் எலிகளின் புண் சீக்கிரம் ஆறியதாக வாசித்தேன். அரைத்துக் கட்டலாமா?"

கட்ட வேண்டாம். வல்லாரை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதிலுள்ள ஏசியாட்டிகோசைட், புண்ணில் புதுச்சதைக்கு வலுக் கொடுக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைத் தூண்டுவதாக ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். சிக்கல் எலியில்தான்.

ஈ உட்கார்ந்ததும் மாடு விலாத்தோலை மட்டும் துடிக்க வைத்து விரட்டுமே, அது தோலுக்கடியில் உள்ள மெல்லிய தசைப்படலத்தின் வேலை. எலிக்கும் அது உடம்பு முழுக்க உண்டு. நமக்குக் கழுத்து மாதிரி சில இடங்களில்தான் மிச்சம். அதனால் எலியின் முதுகில் வட்டமாக வெட்டிய புண், கயிறு இழுத்த சுருக்குப் பைபோல ஓரங்கள் கூடியே பெரும்பாலும் மூடிவிடும். மருந்தே பூசாவிட்டாலும் இரண்டு கிழமைக்குள் கதை முடிந்துவிடும். நமக்கோ அடியிலிருந்து புதுச்சதை வளர்ந்து, அதன்மேல் தோல் ஊர்ந்து வர வேண்டும். கவனமான ஆய்வாளர்கள் புண்ணைச் சுற்றி சிலிக்கோன் வளையம் தைத்து அந்தச் சுருக்கத்தைத் தடுக்கிறார்கள். நீங்கள் வாசித்த ஆய்வில் வளையம் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, மருந்து கலக்காத வெறும் களிம்பைப் பூசிய எலிகளோடும் ஒப்பிட்டார்களா? ஈரம் காயாமல் இருந்தாலே புண் வேகமாக ஆறும். 1962இல் ஜோர்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் இதைக் காட்டினார்: பொலித்தீன் படலத்தால் மூடிய புண்ணில், திறந்துவிட்ட புண்ணைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடியது. ஆக, பாராட்டு களிம்புக்கா மருந்துக்கா என்று பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்த ஆய்வு என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் புண் முதுகில் இருந்தது, எலி அதை மிதித்து நடக்கவில்லை. அப்பா ஒவ்வோர் அடிக்கும் புண்ணை மிதிக்கிறார், உணர்ச்சி குறைந்திருந்தால் வலியும் தெரியாது. எலிக்குப் பூசியது சுத்திகரித்து அளந்த பொருள். வரம்போரத்து இலையோடு வருவது சேறும் கிருமியும். மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றுநோயின் கிருமி இங்குள்ள ஈர மண்ணில் வாழ்வது, நீரிழிவுக்காரரைத்தான் அதிகம் பிடிக்கும். வல்லாரையைச் சம்பல் போட்டுச் சாப்பிடட்டும், ஆனால் நன்றாகக் கழுவி.

நாளைக்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வயலில் கட்டை குத்தியது என்பதை மறக்காமல் சொல்லி, ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) தேவையா என்று கேளுங்கள். காலின் இரத்த ஓட்டம், உணர்ச்சி, உள்ளே கட்டைத்துண்டு இருக்கிறதா, எலும்பு வரை போய்விட்டதா என்று பார்ப்பார்கள். செத்த சதையை அகற்றுவார்கள். பாரம் புண்ணில் விழாமல் இருக்க என்ன செருப்பு போடலாம் என்பதையும் அங்கேயே கேளுங்கள், பாதி வைத்தியம் அதுதான். காய்ச்சல், கெட்ட நாற்றம், பரவும் சிவப்பு, தோல் கறுத்துப்போதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளை வரை வைத்திருக்காமல் இன்றிரவே கொண்டுபோங்கள்.