வைரஸ் மலையேறாதா?

கேள்வி: கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் வாழ்பவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அதிகம், வைரஸ் காய்ச்சல் எதுவும் அண்டாது என்கிறார் என் நண்பர். கொரோனா தொடங்கியபோது ஆண்டிஸ் மலையிலும் திபெத்திலும் பாதிப்பு குறைவாக இருந்ததைச் சான்று காட்டுகிறார். ஓய்வு பெற்றதும் அப்படி ஓர் இடத்தில் குடியேறப் போகிறாராம். அங்கே தடுப்பூசிகூட வேண்டாமாம். உண்மையா?

பதில்: மலையேறினால் மூச்சு வாங்குவது நமக்குத்தான், வைரஸுக்கு இல்லை. அது நம் தொண்டையில் உட்கார்ந்து பஸ்ஸிலேயே மேலே வந்துவிடுகிறது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஆண்ட இன்காக்களின் தலைநகராக இருந்த குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களோடு வந்த பெரியம்மையும் தட்டம்மையும் அந்த மலை மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. தலைமுறை தலைமுறையாக உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

நண்பர் சொல்லும் கொரோனா கணக்கை அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. 2020இன் தொடக்க மாதங்களில் அப்படி ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் வாழ்பவர்களிடம் குறைவாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஆனால் மலையூர்களில் ஜனநெருக்கம் குறைவு, வந்துபோவோர் குறைவு, பரிசோதனை அதைவிடக் குறைவு. தேடாத இடத்தில் நோயாளி எப்படிக் கிடைப்பார்? சில மாதங்களிலேயே 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள பொலிவியாவின் லா பாஸ் நகரில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், அது வைரஸை அழிக்கும் என்பதும் சரிதான். ஆனால் குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அந்தக் கதிர் எங்கே வரும்?

சரி, உயரம் எதிர்ப்புச் சக்தியைத் தொடவே இல்லையா என்றால், தொடுகிறது. நண்பருக்குப் பிடிக்காத திசையிலும் தொடுகிறது. 1985இல் 8 பேரைக் காற்றழுத்தம் குறைக்கப்படும் அறையில் 40 நாட்கள் வைத்து, எவரெஸ்ட் உச்சி அளவுக்குப் படிப்படியாகக் கொண்டுபோனார்கள். வைரஸ் புகுந்த செல்களைத் தீர்த்துக்கட்டும் டி செல்களின் சுறுசுறுப்பு மங்கியது. எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்கள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. எதிர்ப்புச் சக்தி மொத்தமாக ஏறும், இறங்கும் என்று நினைப்பதே தப்பு. அது தராசு மாதிரி அல்ல, பல பிரிவுகள் கொண்ட படை மாதிரி. ஆக்ஸிஜன் குறைவதை உணர்ந்து செல் தன்னை மாற்றிக்கொள்ளும் வழியைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2019 மருத்துவ நோபல் பரிசு. அந்த வழி எதிர்ப்பு அணுக்களுக்குள்ளும் வேலை செய்கிறது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக.

குழந்தைகள் விஷயத்தைப் பாருங்கள். பச்சிளங் குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸை அமெரிக்காவின் கொலராடோவில் ஆராய்ந்தார்கள். 2,500 மீட்டருக்கு மேல் வசித்த குழந்தைகள்தான் அதனால் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஏற்கெனவே ஆக்ஸிஜன் இழுபறி, அதில் நுரையீரலும் வீங்கினால் கையிருப்பு ஏது?

உயரத்தில் டெங்கு அரிதுதானே என்று நண்பர் அடுத்துக் கேட்பார். அரிதுதான். ஏடிஸ் கொசுவுக்குக் குளிர் ஆகாது, அவ்வளவே. அந்தப் புகழ் நம் ரத்தத்துக்குச் சேராது. பூமி சூடாக ஆக, கொசுவும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

அதனால் நண்பர் தாராளமாகக் குடியேறட்டும், தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு. சளி இருக்கும்போது மட்டும் வேகமாக ஏற வேண்டாம். சுவாசத் தொற்றோடு உயரத்துக்குப் போனால் நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து கூடுகிறது. அப்புறம் இன்னொன்று: புதிதாக வந்தவருக்கு உயரம் தரும் தலைவலி, அசதி, குமட்டல் எல்லாம் ஃப்ளூ மாதிரியே இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் கஷாயம் வைத்துக்கொண்டிராமல் உடனே கீழே இறங்கச் சொல்லுங்கள்.