அம்மாவின் கட்டிக்கு எம்எஸ்ஐ பரிசோதனை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை) பலன் தருமா என்று பார்க்க எம்எஸ்ஐ பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தில் எச்எல்ஏ மரபணுக்களையும் பார்த்துவிடலாமா? முடிவு வருவதற்குள் கீமோ ஆரம்பிக்கலாமா?

பதில்: எம்எஸ்ஐ முடிவுதான் அம்மாவுக்கு எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்பதையே மாற்றக்கூடியது. அவசர நிலை இல்லையென்றால் அது வரும்வரை கீமோவைத் தள்ளிவைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

டிஎன்ஏ நகலாகும்போது விழும் பிழைகளை எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய மரபணுக்கள் திருத்துகின்றன. இதில் ஒன்று செயலிழந்தாலும் கட்டியில் பிழைகள் குவியும். இந்த நிலையைத்தான் எம்எஸ்ஐ அதிகம் என்கிறார்கள். அந்தப் பிழைகளால் உருவாகும் விசித்திரமான புரதத் துணுக்குகளை, எச்எல்ஏ மரபணுக்கள் உருவாக்கும் எச்எல்ஏ மூலக்கூறுகள் செல்லின் மேற்பரப்பில் தூக்கிக் காட்டும். நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் அதைப் பார்த்துத் தாக்க வரும். கட்டியும் சும்மா இருக்காது. பிடிஎல்1 புரதத்தைக் காட்டி, டி செல்லில் இருக்கும் பிடி1 என்ற பிரேக்கை அழுத்திவிடும். பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கிறது. எம்எஸ்ஐ அதிகமுள்ள, பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு இதையே முதல் சிகிச்சையாகத் தர அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. ஆனால் பரவிய நிலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கே இந்த வகை இருக்கும். இல்லையென்று வந்தால் மனம் தளராதீர்கள், கீமோவும் மற்ற மருந்துகளும் இருக்கின்றன.

எச்எல்ஏ பரிசோதனை இப்போது வேண்டாம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கும், கண்ணில் வரும் ஒருவகை மெலனோமா புற்றுநோய்க்கான டெபென்டாஃபஸ்ப் போன்ற சில மருந்துகளுக்கும் அது அவசியம். அம்மாவின் சிகிச்சையில் அதனால் எதுவும் மாறப்போவதில்லை.

இம்யூனோதெரபி ஆரம்பித்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிரேக் விட்ட டி செல்கள் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும்கூடத் தாக்கலாம். பேதியோ மூச்சுத்திணறலோ வந்தால் வீட்டிலேயே மாத்திரை போட்டுச் சமாளிக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோயோ உறுப்பு மாற்றமோ இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

அப்புறம், எம்எஸ்ஐ அதிகம் என்று வந்தால் அதற்குக் காரணம் லிஞ்ச் நோய்க்குறியா (இந்தத் திருத்தும் மரபணுக்களில் ஒன்றில் பரம்பரையாக வரும் மாற்றம்) என்றும் கேளுங்கள். எல்லோருக்கும் அப்படி இருக்காது. அம்மாவுக்கு அது உறுதியானால், நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அதே மரபணு மாற்றம் உங்களுக்கும் வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. இருந்தால் கொலோனோஸ்கோபியை (குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) இளம் வயதிலேயே தொடங்கச் சொல்வார்கள்.