ஜிபிஎஸ் இல்லாம குறிச்ச இடத்துல இறங்கணுமா? செவ்வாய்ல எப்படி இறக்கினாங்கன்னு பாருங்க

கேள்வி: சார், நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். காலேஜ் டீம்ல ஜிபிஎஸ் இல்லாம பறந்து குறிச்ச இடத்துல இறங்குற ட்ரோன் பண்றோம். ஐஎம்யூ (ஆக்சலரேஷனையும் சுழற்சியையும் அளக்குற சென்சார்) மட்டும் நம்பினா ஒரு நிமிஷத்துலயே எங்கயோ தள்ளி போயிடுது. காஸ்ட்லி சென்சார் வாங்கினா சரியாகுமா? செவ்வாய்ல எப்படி இறக்குறாங்க?

பதில்: தம்பி, அந்த காச கேமராவுக்கு வைங்க. ஐஎம்யூ ஆக்சலரேஷன ரெண்டு தடவ இன்டெக்ரேட் பண்ணி தான் இடத்த சொல்லுது, அதுல 0.01 மீட்டர்/நொடி² அளவுக்கு பயஸ் (எப்பவும் ஒரே பக்கமா இருக்கிற சின்ன தப்பு) இருந்தாலே ஒரு நிமிஷத்துல 18 மீட்டர் தள்ளிடும், ரெண்டு நிமிஷம்னா 72. நல்ல சென்சார் வாங்கினா பிழை மெதுவா வளரும், அவ்ளோதான்.

நாசாவோட பெர்சிவியரன்ஸ் ரோவருக்கும் இதே பிரச்சனை தான். செவ்வாய் கிட்ட போற வரைக்கும் கலிஃபோர்னியா, மாட்ரிட், கான்பெரால இருக்கிற பெரிய ஆன்டெனாக்கள் ரேடியோ சிக்னல வெச்சு பாதைய கணக்கு போடும். டாப்ளர், அதாவது வேகத்தால சிக்னலோட அதிர்வெண் மாறுறது, நம்ம பார்வை திசைல என்ன வேகம்னு நல்லா சொல்லும், பக்கவாட்டுல எங்க இருக்குன்னு சரியா சொல்லாது, அதனால ரெண்டு ஆன்டெனா ஒரே நேரத்துல கேட்டு, வானத்துல அதுக்கு பக்கத்துல தெரியுற ஒரு குவாசாரோட (ரொம்ப ரொம்ப தூரத்துல இருந்து ரேடியோ அலை அனுப்புற விண்பொருள்) ஒப்பிட்டு திருத்துவாங்க. எனக்கு இன்னைக்கும் மலைப்பா இருக்கிற வேலை இது.

ஆனா 2021 பிப்ரவரி 18 அன்னைக்கு ஜெஸெரோ பள்ளத்துல இறங்குறப்ப சிக்னல் பூமிக்கு வர்றதுக்கே 11 நிமிஷத்துக்கு மேல ஆச்சு, இறங்குறதோ மொத்தம் 7 நிமிஷம், அப்ப இங்கேந்து யாரு ஓட்ட முடியும்? காத்து மண்டலத்துல நுழைஞ்சதும் ஐஎம்யூ தான் துணை, பாராசூட்ல காத்து வேற தள்ளும், அதனால தான் எங்க இருக்கோம்ங்கிறதுலயே 3 கிலோமீட்டர் வரைக்கும் தப்பு வரலாம்னு வெச்சு தான் டிசைன் பண்ணாங்க. சுமார் 4 கிலோமீட்டர் உயரத்துல கீழ பாக்குற கேமரா படம் எடுக்க ஆரம்பிச்சு, செவ்வாய சுத்துற ஆர்பிட்டர் எடுத்த படங்கள்லேந்து முன்னாடியே செஞ்சு மெமரில வெச்ச மேப்போட பொருத்திப் பாத்து, அந்த தப்ப 40 மீட்டருக்குள்ள கொண்டு வர்ற மாதிரி செஞ்சிருந்தாங்க. அப்புறம் பாறை, சரிவு எல்லாம் குறிச்ச இன்னொரு மேப்ப பாத்து பாதுகாப்பான இடத்த தானே தேர்ந்தெடுத்து, அதுலேந்து சுமார் 5 மீட்டர்ல இறங்கிச்சு.

நீங்களும் அதே மாதிரி பண்ணுங்க. கிரவுண்ட மேலேந்து படம் எடுத்து மேப் தைச்சு போர்டுல ஏத்திடுங்க, கீழ பாக்குற கேமரா, உயரத்துக்கு ஒரு லேசர் ரேஞ்ச் ஃபைண்டர், நடுவுல இருக்கிற நொடிகளுக்கு மட்டும் ஐஎம்யூ, மூணையும் கால்மன் ஃபில்டர்ல (பல சென்சார் அளவுகள சேத்து ஒரே கணிப்பா தர்ற கணக்கு முறை) சேருங்க. மேப் எடுத்த அதே நேரத்துல பறங்க, காலைல எடுத்த மேப்ப வெச்சு சாயங்காலம் பறந்தா நிழல் மாறி மேட்ச் ஆகாது.

இன்னொன்னு ரொம்ப முக்கியம், தரைல அடையாளம் இருக்கணும். செவ்வாய்ல பறந்த இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டர் 2024 ஜனவரி 18ல 72வது தடவ பறந்தப்ப கீழ வெறும் மணல் மேடுங்க, கேமராவுக்கு பிடிச்சுக்க கல்லு எதுவும் கிடைக்கல, பக்கவாட்டு வேகம் தெரியாம தரைல மோதி இறக்கை உடைஞ்சிடுச்சு. அத்தன தடவ நல்லா பறந்த மெஷின் அது. உங்க கிரவுண்டும் வெறும் செம்மண்ணா இருந்தா முதல்ல ட்ரோன பறக்க விட்டு வீடியோ மட்டும் எடுத்து, லேப்டாப்ல மேட்சிங் ஓட்டிப் பாத்து, ஒவ்வொரு ஃப்ரேம்லயும் எத்தன பாயின்ட் சரியா சிக்குதுன்னு எண்ணிட்டு, அப்புறமா ஆட்டோ லேண்டிங்க ஆன் பண்ணுங்க.