லுவாங் பிரபாங் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

லாவோஸ் நாட்டின் பழைய அரச நகரமான லுவாங் பிரபாங்கில் இரண்டு பயணங்களிலாக ஐந்து வாரம் தங்கியிருக்கிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அக்கா, தாய்லாந்து போகும்போது அப்படியே இரண்டு நாளில் பார்த்துவிட முடியுமா?

முடியும். மேகோங் ஆறும் 'நாம் கான்' என்ற ஆறும் கூடும் இடத்தில் நாக்கைப் போல நீண்டு கிடக்கும் சின்ன ஊர்தான். 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அரை மணி நடந்தால் பழைய ஊரின் மறுமுனை வந்துவிடும். ஆனால் அந்த ஊர் நமக்குப் பழகவே மூன்று நாள் ஆகிறது. எனக்கு மூன்றாம் நாள் காலையில்தான் காபிக்கடை அம்மாள் கேட்காமலேயே கட்டிப்பாலைப் பாதியாகக் குறைத்து ஊற்றினார். ஐந்து நாளாவது ஒதுக்க முடியாதென்றால் வேறு ஊருக்குப் போங்கள்.

காலையில் பிக்குகளுக்கு நாமும் அன்னமிடலாமா? என் கணவர் புகைப்படக்காரர்.

இரண்டாவது வாக்கியம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது!

விடியும் நேரத்தில் பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். தெருவோரம் பாயில் அமர்ந்திருக்கும் பாட்டிமார் மூங்கில் கூடையிலிருந்து சோற்றைக் கிள்ளி ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பிடி இடுவார்கள். பேச்சே இருக்காது. வாங்குகிறவர் நன்றியும் சொல்வதில்லை, ஏனென்றால் புண்ணியம் இடுகிறவருக்கு. நண்பகலுக்குப் பிறகு பிக்குகள் உண்பதில்லை. அப்படியிருக்க, பெருந்தெருவில் சிலர் அவர்களுடைய முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதைப் பார்த்தால் கூசுகிறது.

உண்மையாகவே இட விரும்பினால், தங்கும் விடுதியில் முந்தின இரவே சொல்லி, வீட்டில் வேகவைத்த சோறு வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் கூவி விற்பதை வாங்க வேண்டாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ அமருங்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. உங்கள் கணவர் எதிர்ச்சாரியில் தள்ளி நின்று, ஃபிளாஷ் இல்லாமல் இரண்டு படம் எடுத்துக்கொள்ளட்டும்.

அவர் எடுக்காவிட்டாலும் நீங்கள் கவனிக்க வேண்டியது வரிசையின் கடைசியில் இருக்கிறது. அங்கே ஏழைப் பிள்ளைகள் கூடையோடு மண்டியிட்டிருப்பார்கள். பிக்குகள் போகிற போக்கில் தங்கள் பாத்திரத்திலிருந்து எடுத்து அந்தக் கூடைகளில் போட்டுவிட்டுப் போவார்கள்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். 'கின் ஜே' என்றால் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். அதோடு 'போ சை படேக்' என்றும் சொல்லுங்கள். படேக் என்பது புளிக்கவைத்த மீன் சாறு. பப்பாளிக்காய் சாலட்டில்கூட அது ஒளிந்திருக்கும். ஆற்றுப்பாசியில் எள் தூவி, வெயிலில் காயவைத்து, நம் வடகம் போலப் பொரித்துத் தருவார்கள். அதைத் தவறவிடாதீர்கள். கூடவே வரும் மிளகாய்த் துவையலை மட்டும் தள்ளி வையுங்கள், அதில் எருமைத் தோல் இருக்கும். சோறு ஒட்டரிசிச் சோறு. கவுனி அரிசி பழகியவர்களுக்குப் பிடித்துப்போகும்.

ஒரே ஒரு விகாரைதான் என்றால் எது?

சியெங் தோங். அரசர் செத்தாதிராத் 1560 வாக்கில் கட்டியது. கூரை அடுக்கடுக்காக இறங்கி, ஓரங்களில் நம் தலைக்கு அருகே வந்து நிற்கும். பின்சுவரில் சிவப்புப் பின்னணியில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் ஆன ஒரு மரம் இருக்கிறது. பெரும்பாலோர் அதைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் பிற்கால அரசர் ஒருவரின் இறுதி ஊர்வல ரதம் நிற்கும் மண்டபத்துக்கும் போங்கள். அதன் முகப்பில் இராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். லாவோஸ் இராமாயணத்துக்குப் பெயர் 'பிர லாக் பிர லாம்'. தம்பி இலக்குவன் பெயர்தான் முதலில்! நான் ஒரு முழு மாலை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரலில் விடுமுறை. போகலாமா?

நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. ஊருக்குப் பெயர் தந்த பிரபாங் புத்தர் சிலையை அரண்மனை அருங்காட்சியகத்திலிருந்து வாட் மாய் விகாரைக்கு எடுத்துவந்து நீராட்டுவார்கள். ஆனால் தெருவெல்லாம் தண்ணீர்த் திருவிழா, அமைதி கிடைக்காது. மார்ச், ஏப்ரலில் மலைக்காடுகளை எரிக்கும் புகையும் சேர்ந்துகொள்ளும், ஆஸ்துமா உள்ளவர்கள் வேண்டாம். நான் சொல்வது நவம்பர், டிசம்பர். காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும்.

எப்படிப் போவது?

2021 டிசம்பரிலிருந்து ரயில் ஓடுகிறது, தலைநகர் வியந்தியானிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். பொறுமை இருந்தால் தாய்லாந்து எல்லையிலுள்ள ஹுவாய் சாயிலிருந்து படகு. இரண்டு பகல், நடுவில் ஓர் இரவு பக்பெங்கில் தங்கல். சில படகுகளில் பலகை இருக்கைதான், தலையணை கொண்டுபோங்கள்.

எனக்கு வயது 67, மூட்டு வலி. பூசி மலையில் சூரிய அஸ்தமனம் பார்க்க வேண்டுமாமே?

வேண்டாம் அம்மா. முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். ஏறினாலும் அஸ்தமன நேரத்தில் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். மேகோங் கரையில் நாற்காலி போட்ட கடை எத்தனையோ இருக்கின்றன. ஐந்து மணிக்கே போய், எலுமிச்சைச் சாறு சொல்லிவிட்டு, மேற்கே பார்த்து உட்காருங்கள். அதே சூரியன்தான் அக்கரை மலைக்குப் பின்னால் இறங்கும்.